அரைக்கிணற்றுக்காரர்கள் சென்னையில் ரூம் பார்த்த கதை

தூத்துக்குடிக்குத் தெற்கே, பஸ் போய்த் திரும்புகிற கடைசி இடத்தில், அரைக்கிணறு என்று ஒரு ஊர். அந்தப் பெயர் வந்த விதம் இதுதான். ஒரு காலத்தில் இன்ஜினியர் ஒருவர் வந்து, "தண்ணி வர்ற வரைக்கும் தோண்டுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். பாதி தோண்டியபோது நல்ல மழை பிடித்தது. குழியில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்துவிட்டதால் எல்லோரும் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். கோடையில் குழி காய்ந்தது. மறுபடி யாராவது வந்து தோண்டச் சொல்லுவார்கள் என்று காத்திருந்தார்கள். இன்றைக்கும் காத்திருக்கிறார்கள்.

ஊர்க்காரர்களிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. சந்தேகம் என்று வந்துவிட்டால் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து நடுவில் விரித்து, சுற்றிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் பேசுவார்கள். துண்டைத் தொட்டவன் பேசலாம், மற்றவன் கேட்க வேண்டும். இதனால் ஊரில் சண்டை சச்சரவே கிடையாது. வைக்கோல் படப்பு தீப்பிடித்தாலும் துண்டு விரித்த பிறகுதான் தண்ணீர் ஊற்றுவார்கள் என்பது ஒன்றுதான் குறை.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து மூன்று பேருக்குச் சென்னையில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சொரிமுத்து, பேச்சிராஜா, வண்ணமுத்து. மூவருக்கும் தாவரவியல். எப்படிக் கிடைத்தது என்று கேட்காதீர்கள். "விண்ணப்பத்தை நிரப்பி அனுப்பவும்" என்று போட்டிருந்தது, நிரப்பி அனுப்பினார்கள், அவ்வளவுதான்.

மற்ற இருவரும் சும்மா கூட வந்தவர்கள் மாதிரி. சொரிமுத்துவுக்கு மட்டும் அந்த இடம் உயிர். அது போய்விட்டால் அவனுக்காகப் பெரியப்பாவின் உப்பளம் காத்திருந்தது. அவன் அண்ணன் ஏற்கெனவே அங்கே போய், கால் இரண்டும் வெடித்து, வெயிலில் கண் கூசிக்கூசி, இருபத்து நாலு வயதிலேயே நாற்பது மாதிரி ஆகிவிட்டான். உப்பளத்தில் ஒரு புல் கூட முளைக்காது. சொரிமுத்துவுக்கோ கொஞ்சம் பச்சையைப் பார்த்தால்தான் சோறு இறங்கும். போதாக்குறைக்கு அவன் அப்பா பஸ் நிற்கும் இடத்தில், கூலிங்கிளாஸ் போட்ட மகனின் படத்தோடு ஆளுயர பிளக்ஸ் வைத்துவிட்டார். திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் அவன் முகத்திலேயே அவன் விழிக்க வேண்டியிருக்கும்.

கல்லூரி அலுவலகத்தில் தனசேகர் என்று ஒரு கிளார்க். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மூவரையும் பார்த்தார்.

"ஹாஸ்டல் ஃபுல்லுப்பா. வெளியில ரூம் பாத்துக்கங்க. இன்ன ஆள் இந்த வீட்டுல வாடகைக்கு இருக்கார்னு வீட்டு ஓனர் கையெழுத்துப் போட்ட லெட்டர் வேணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும்தான் டைம். வரலேன்னா உங்க சீட்டு வெயிட்டிங் லிஸ்ட்ல இருக்கிறவங்களுக்குப் போயிடும். நான் ஒண்ணும் செய்ய முடியாது."

அன்று புதன்கிழமை. கிளார்க் நல்ல மனிதர். போகும்போது ஒரு புத்திமதியும் சொன்னார்.

"இது ஏமாத்துற ஊரு. கண்ணைத் திறந்து வெச்சுக்கிட்டுத் தேடுங்க."

அப்படியே செய்தார்கள். மூவரும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பெரம்பூர் வரைக்கும் நடந்தார்கள். அரை மணி நேரத்தில் கண்ணில் நீர் கொட்டத் தொடங்கியது. ஓரமாக உட்கார்ந்து துண்டு விரித்துப் பேசியதில், ஒருவன் இமைக்கும்போது மற்ற இருவரும் இமைக்காமல் இருந்தால் போதும் என்று முடிவாயிற்று. பெரம்பூரில் கதவைத் திறந்த டிகாஸ்டா என்கிற ஆங்கிலோ இந்திய அம்மாள், சிவந்த கண்களோடு முறை வைத்து இமைத்துக்கொண்டு நின்ற மூன்று பேரைப் பார்த்தார். வாய்க்குள் ஏதோ ஜெபம் சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டார்.

சென்னை பெரிய ஊர். ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் இந்தி, திரும்பினால் உருது, பாலம் ஏறி இறங்கினால் மலையாளம். சவுகார்பேட்டையில் ஒருவர் குஜராத்தியில் இல்லை என்றார். திருவல்லிக்கேணியில் ஒருவர் உருதுவில் இல்லை என்றார். புரசைவாக்கத்தில் ஒரு அம்மா தெலுங்கில் இல்லை என்றார். எந்த மொழியில் இல்லை என்றாலும் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்ளும் அளவுக்குச் சொரிமுத்து முதல் நாளிலேயே தேறிவிட்டான். காரணம் மட்டும் எல்லா மொழியிலும் ஒன்றாகவே இருந்தது. பேச்சிலருக்கு வீடு கிடையாது.

நடைபாதையில் துண்டு விரித்தார்கள்.

வண்ணமுத்து துண்டைத் தொட்டான். "ஏலே, வெள்ளிக்கெழமைக்குள்ள கல்யாணம் முடிச்சிருவோமா?"

"மூணு பேருமா?" என்றான் பேச்சிராஜா.

"எதுக்கு வீண் செலவு? ஒருத்தன் முடிச்சாப் போதும். மத்த ரெண்டு பேரும் மாப்பிள்ளை வீட்டார்னு சொல்லித் தங்கிக்கிடலாம்."

"சரி, யாரு முடிக்க?"

இது பெரிய விவாதமாகி முக்கால் மணி நேரம் ஓடியது. அதற்குள் போகிற வருகிறவர்கள் துண்டில் சில்லறை போட்டுவிட்டுப் போனார்கள். "பாத்தியாடே, நல்ல பேச்சு எங்க கேட்டாலும் மெச்சுத ஊரு இது" என்று பேச்சிராஜா உருகிப் போனான். பெண் யார் என்கிற கேள்வி வந்தபோதுதான் அந்தத் திட்டம் விழுந்தது.

வியாழக்கிழமை அதிர்ஷ்டம் அடித்தது. திருவல்லிக்கேணியில் ஒரு சந்துக்குள், இரும்பு கேட்டில் 'வீடு வாடகைக்கு, மாணவர்கள் வரலாம்' என்று ஒரு பலகை தொங்கியது. சொரிமுத்து அதை மூன்று முறை வாசித்தான். கேட் பூட்டியிருந்தது. எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "வீட்டுக்காரர் நாலு மணிக்குத்தான் வருவார், அப்ப வாங்க. அதுக்குள்ள வேற யாராவது போர்டைப் பாத்துட்டு வந்து முடிச்சுட்டா என்னைக் கேக்காதீங்க" என்றார்.

துண்டு விரித்தார்கள். வேறு யாராவது போர்டைப் பார்த்தால்தானே முடிப்பார்கள்? யாரும் பார்க்காமல் செய்துவிட்டால்? வழி கிடைத்துவிட்டது. பலகையைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நாலு மணி வரைக்கும் கடற்கரைப் பக்கம் உலாவப் போனார்கள்.

அந்தப் பலகையைப் பார்த்துவிட்டு முதலில் ஒரு அசாம் மாணவன் பின்னால் வந்தான். அப்புறம் கேரளத்திலிருந்து இருவர், பீகார்க்காரர் ஒருவர், நாகாலாந்து மாணவிகள் இருவர். யாருக்கும் இன்னொருவர் மொழி தெரியாது. ஆனால் ரூம் கிடைக்காத முகம் எல்லோருக்கும் ஒன்றுதான். பலகை வைத்திருப்பவன் வீடு வைத்திருப்பான் என்று நம்பி ஆறு பேரும் மணலில் வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். "நம்ம மேல எம்புட்டு மரியாதை பாரு" என்றான் பேச்சிராஜா.

நாலு மணிக்கு ஊர்வலம் சந்துக்குத் திரும்பியது. அங்கே ஒரு சிக்கல்.

"எந்த வீடுலே?" என்றான் சொரிமுத்து.

"போர்டு தொங்கின வீடு" என்றான் பேச்சிராஜா.

"எந்த வீட்டுலயும் போர்டு தொங்கலியே."

"எப்படித் தொங்கும்? போர்டு நம்ம கையிலல்லா இருக்கு. அப்ப போர்டு இல்லாத வீடுதாம் நம்ம வீடு."

சொரிமுத்து சந்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தான். இருபத்தாறு வீடுகள். ஒன்றில்கூடப் பலகை இல்லை.

"எப்பா! அம்புட்டும் நம்ம வீடா?" என்று வண்ணமுத்து வாயைப் பிளந்தான்.

முதல் வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டிக் குடிவருவதாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பதினோராவது வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். அதற்குள் அந்த அசாம் மாணவன் கேட்டுகளை எல்லாம் ஒரு பார்வை பார்த்து, ஒன்றில் மட்டும் வெறுங்கம்பி தொங்குவதைக் கண்டுபிடித்து, உள்ளே போய்ப் பேசி முடித்துவிட்டான். வெளியே வந்து இவர்களிடம் கைகூப்பி, வீட்டுக்காரர் பலகையைக் கேட்பதாகச் சைகையில் சொன்னான். பலகையைக் கொடுத்துவிட்டு மூவரும், முந்தின ராத்திரி படுத்திருந்த எழும்பூர் ஸ்டேஷன் காத்திருப்பு அறைக்கே திரும்பி நடந்தார்கள். சொரிமுத்துவுக்கு அழுகை வந்தது. இந்த மாதிரி நேரத்தில் அழலாமா கூடாதா என்று துண்டு விரித்துக் கேட்கவும் தெம்பில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் ஆல்பர்ட் என்று ஒரு வீட்டு புரோக்கர் மாட்டினார். இவர்கள் மாட்டினார்கள் என்றும் சொல்லலாம். புதுப்பேட்டைக்காரர், இருபது வருஷத் தொழில்.

"இன்னா நைனா, இவ்ளோதானே? ராயப்பேட்டையில ஒரு ரிடையர்டு டீச்சரம்மா வூடு கீது. ஆனா ஒண்ணு. அங்க நான் பேசிக்கறேன். நான் சொல்ற வரிக்கும் நீங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாது. அந்தம்மா இன்னா கேட்டாலும் தலைய ஆட்டு, போதும்."

மூவரும் அப்போதே வாயை மூடித் தலையை ஆட்டினார்கள். ஆல்பர்ட்டுக்கு ரொம்ப சந்தோஷம்.

டீச்சரம்மா மூவரையும் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"காலையில சீக்கிரம் எழுந்திருப்பீங்களா?"

ஆட்டினார்கள்.

"பெரியவங்களுக்கு மரியாதை குடுப்பீங்களா?"

ஆட்டினார்கள். டீச்சரம்மாவின் முகம் மலர்ந்தது. இந்தக் காலத்தில் இப்படிப் பிள்ளைகளா என்று காபி போடவே எழுந்துவிட்டார். எழுந்தவர் ஏதோ தோன்றி மறுபடி உட்கார்ந்தார்.

"கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க. குடிப்பீங்களா?"

மூன்று தலைகளும் ஒன்றாக ஆடின.

"மூணு பேருமா?"

இன்னும் நன்றாக ஆடின. ஆல்பர்ட் பின்னாலிருந்து கண்ணைக் காட்டினார், கையைக் காட்டினார். அவரைப் பார்த்தும் ஒரு தடவை ஆட்டினார்கள்.

"அடிதடி, வம்பு வழக்கு..."

ஆட்டினார்கள்.

"போலீஸ் தேடுதா உங்களை?"

சொரிமுத்துவுக்கு இந்த இடத்தில் சற்றே நெருடியது. ஆனால் என்ன கேட்டாலும் என்றுதானே ஆல்பர்ட் சொன்னார்? சீட்டு போய்விடுமே என்கிற பயத்தில் மற்ற இருவரையும்விடப் பலமாக ஆட்டினான்.

அடுத்த நிமிஷம் நாலு பேரும் தெருவில் நின்றார்கள். ஆல்பர்ட் தலையில் அடித்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் போய்விட்டார். வாயைத் திறக்கலாம் என்று மட்டும் சொல்லாமல் போய்விட்டார்.

இப்போது என்ன செய்வது? வாயைத் திறக்காமல் விவாதம் நடத்த வேண்டும். துண்டை விரித்து, சைகையிலேயே பேசினார்கள். சாப்பிடுவது வாயைத் திறப்பதில் சேருமா என்று பேச்சிராஜா வயிற்றைத் தடவிக் கேட்டான். சேரும் என்று சொரிமுத்து வருத்தத்தோடு தலையசைத்தான். வண்ணமுத்துவுக்குக் கொட்டாவி வந்தது. இருவரும் பாய்ந்து அவன் வாயைப் பொத்தினார்கள். இந்தக் கூட்டத்துக்குத்தான் துண்டில் அதிகமாகக் காசு விழுந்தது.

ஒன்றரை மணிக்கு ஒரு டீக்கடையில் ஆல்பர்ட்டைக் கண்டுபிடித்தார்கள். மூவரும் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ம்ம், ம்ம் என்றார்கள். அவருக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் ஆனது. விளங்கியதும் கண்ணாடி கிளாஸை மெதுவாகக் கீழே வைத்தார்.

"வாயத் தொறந்து தொலைங்கடா சாமி!"

"அண்ணாச்சி, நாலு பன்னு" என்றான் சொரிமுத்து.

இவர்களைக் கழற்றிவிட ஆல்பர்ட்டுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. சிந்தாதிரிப்பேட்டையில் பக்தவத்சலம் என்று ஒருவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாதி வீடு மூன்று வருஷமாகக் காலியாகக் கிடந்தது. வருகிறவர்களையெல்லாம் ஏதாவது ஒரு குறை சொல்லித் துரத்திவிடுவார். இவர்களையும் துரத்தட்டும் என்று விலாசத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மூன்று மணிக்குப் பக்தவத்சலம் கதவைத் திறந்தார். சுவரில் பெரிய அட்டையில் 'குடியிருப்போர் கவனத்திற்கு' என்று இருபத்து மூன்று விதிகள். அவர் எழுதியதுதான். மூவரும் நின்றபடியே அதை வாசித்து முடித்தார்கள்.

"என்ன, முடியுமா உங்களால?" என்றார் மிடுக்காக.

"நீங்க என்ன சொன்னாலும் அப்படியே செய்வோம் சார்" என்றான் சொரிமுத்து.

பக்தவத்சலம் அசந்துவிட்டார். முப்பத்தைந்து வருஷம் அவர் பச்சைக்கொடி காட்டினால்தான் ரயில் நகரும். ஓய்வு பெற்ற பிறகு அவர் சொல்லை வீட்டுக் குழாய்கூடக் கேட்கவில்லை. இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! உட்காருங்கள் என்றார், உட்கார்ந்தார்கள். எழுந்திருங்கள் என்றார், எழுந்தார்கள். மறுபடி உட்காருங்கள் என்றார், உட்கார்ந்தார்கள். அவர் கண் கலங்கியது.

"அடுப்புல பால் வெச்சிருக்கேன். பொங்கினா ஓனர்கிட்ட சொல்லணும், நீங்களா எதையும் தொடக்கூடாது. அது பதினேழாவது ரூல். லெட்டர்தானே? இப்பவே எழுதித் தரேன்." மேஜையைத் துழாவினார். "அடடா, வெள்ளைத்தாள் இல்லையே. இருங்க, முக்குக் கடையில வாங்கிட்டு வந்துடறேன். இதை உங்க வீடு மாதிரியே நினைச்சுக்கங்க. கதவை மட்டும் நல்லாத் தாழ்ப்பாள் போட்டுக்கங்க. போன மாசம் எவனோ ஒருத்தன், நான்தான் ஓனர்னு சொல்லி இந்த வீட்டைக் காட்டி ஒரு குடும்பத்தையே ஏமாத்திட்டான். அதனால யார் வந்து ஓனர்னு சொன்னாலும் நம்பிடாதீங்க, திறந்திடாதீங்க!"

அவர் போனார். இவர்கள் தாழ்ப்பாள் போட்டார்கள். ஐந்து நிமிஷத்தில் பால் பொங்கியது.

பேச்சிராஜா அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். "பொங்கிருச்சுலே. ஓனர்கிட்ட சொல்லணும்."

"வரட்டும், சொல்லுவோம்" என்றான் சொரிமுத்து.

கடையில் கூட்டம் போலிருக்கிறது. மூன்றே முக்காலுக்குத்தான் கதவு தட்டும் சத்தம் கேட்டது. சொரிமுத்து ஜன்னல் வழியாகப் பார்த்தான். கையில் வெள்ளைத்தாளோடு பக்தவத்சலம் நின்றிருந்தார்.

"யாரு?" என்றான்.

"நான்தான்பா, ஓனர். கதவைத் திற."

சொரிமுத்து ஜன்னலை விட்டு நகர்ந்து வந்தான். முகம் வெளிறியிருந்தது. நடு ஹாலில் துண்டு விரித்தார்கள்.

"ஓனர்னு சொல்லுதாரு" என்றான் சொரிமுத்து.

"ஆளு யாரு?"

"முகம் அவரு முகம்தாம். சட்டையும் அவரு சட்டைதாம்."

"முகத்த வச்சு என்ன செய்ய? ஓனர்னு சொல்லுதவன நம்பாதன்னு ஓனரே சொல்லிருக்காரு" என்றான் வண்ணமுத்து. "இப்பத் தொறந்தோம்னு வையி, நாளைக்கு ஓனர் வந்து, நான் சொன்னத ஏம்லே கேக்கலன்னு கேட்டா மூஞ்சிய எங்க கொண்டு வைக்க?"

வெளியே பக்தவத்சலம் கதவை இரண்டு கையாலும் அடித்தார். "யோவ்! ஏதோ தீயற வாசனை வருது! பால் என்னய்யா ஆச்சு?"

பேச்சிராஜா ஜன்னலருகே போய் மரியாதையாகச் சொன்னான். "அது ஓனர்கிட்ட சொல்ல வேண்டிய சமாச்சாரம் அண்ணாச்சி. வெளியாள்கிட்ட சொல்லக் கூடாது."

மணி நாலு. தெருவில் கூட்டம் கூடியது. உள்ளே சொரிமுத்து மணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஓனரோ வந்தபாடில்லை. இன்னும் ஒரு மணி நேரத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் உப்பளம்தான். அண்ணனின் வெடித்த கால் கண் முன்னால் வந்து நின்றது. தலையில் கை வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்தபோது, வண்ணமுத்து மெதுவாகத் துண்டைத் தொட்டான்.

"இத உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்கன்னு சொன்னாரா இல்லியா?"

"சொன்னாரு."

"சொன்னபடி நெனச்சமா?"

மூவரும் கண்ணை மூடி, நன்றாக நினைத்தார்கள்.

"நெனச்சாச்சு" என்றான் பேச்சிராஜா.

"அப்ப வீடு நம்ம வீடு. ஓனர் நாம. கையெழுத்து நம்ம கையில இருக்கு. எதுக்குலே அழுத?"

சொரிமுத்து துள்ளி எழுந்தான். மறுபடி உட்கார்ந்தான். "இன்ன ஆளு வாடகைக்கு இருக்காருன்னுல்லா எழுதணும்? வாடகைக்கு ஆளு வேணுமே?"

சரியாக அந்த நேரத்தில் வெளியிலிருந்து பக்தவத்சலத்தின் குரல் உடைந்து வந்தது. "டேய், எனக்கு இந்த வீட்டை விட்டா வேற வீடு கிடையாதுடா!"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று நாளாகச் சென்னைத் தெருக்களில் வீடு வீடாக ஏறி இறங்கியவர்கள். வீடில்லாத மனுஷனின் வேதனை அவர்களுக்குத் தெரியாதா? சொரிமுத்துவுக்கு மனசு இளகிவிட்டது. விதி அட்டையைக் கழற்றிக்கொண்டு ஜன்னலுக்குப் போனான்.

"அண்ணாச்சி, கவலப்படாதீங்க. நாங்க இருக்கோம். சில கேள்வி மட்டும் கேக்கணும். ஒண்ணாவது ரூல். கல்யாணம் ஆயிட்டா?"

"எனக்கா? ஆகலை. அதுக்கென்ன இப்ப?"

முதல் விதியே பேச்சிலருக்கு இடமில்லை என்பதுதான். சந்தோஷத்தில் பக்தவத்சலம் இவர்களிடம் அதைக் கேட்கவே மறந்திருந்தார். மறுபடி துண்டு விரித்தார்கள்.

"வயசான பேச்சிலர்லே. பாவம்" என்றான் பேச்சிராஜா.

"நம்மள எத்தன பேரு அதச் சொல்லித் தொரத்தினாவ! நாமளும் அதையே செய்யலாமா?" என்றான் சொரிமுத்து. முதல் விதி ஒருமனதாகத் தளர்த்தப்பட்டது.

மற்ற இருபத்திரண்டையும் உரக்க வாசித்தான். ஒன்பது மணிக்கு மேல் வெளியே சுற்றக் கூடாது. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது. சத்தமாகத் தும்மக் கூடாது. மாடிக்குப் போகும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"எவன்யா இந்த மாதிரி ரூல் போட்டவன்?" என்று கத்தினார் பக்தவத்சலம்.

"நீங்கதான் சார் போட்டீங்க. போன வருஷம் வீடு கேட்டு வந்தப்ப எங்களுக்கும் வாசிச்சுக் காட்டினீங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அவர் முகத்தில் ஒரு நிறைவு தெரிந்தது.

கருகல் வாசனை தெருமுனை வரை போய்விட்டது. ஜன்னல் வழியாகப் புகையும் வரத் தொடங்கியது. பக்தவத்சலம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எல்லாத்துக்கும் சம்மதம்! என்ன எழுதணுமோ சொல்லு, எழுதித் தரேன். கதவைத் திற!" என்றார். தான் வாங்கி வந்த வெள்ளைத்தாளிலேயே, சொரிமுத்து சொல்லச் சொல்ல, பக்தவத்சலமாகிய நான் இந்த வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் சொரிமுத்து ஓனர் என்று போட்டுக் கையெழுத்திட்டான். கதவு திறந்தது.

அவர் சமையலறைக்கு ஓடினார். மூவரும் பெட்டி படுக்கையை எடுத்துக்கொண்டார்கள். வாடகைக்கு விட்ட வீட்டில் ஓனர்கள் நின்றுகொண்டிருப்பது அழகில்லை. வாசலைத் தாண்டும்போது பேச்சிராஜா மட்டும் திரும்பிக் குரல் கொடுத்தான்.

"அண்ணாச்சி, ஓனர் வந்தா, பால் பொங்கிருச்சுன்னு நீங்களே சொல்லிருங்க!"

கல்லூரிக்கு மூச்சிரைக்க ஓடி வந்து சேர்ந்தபோது மணி நாலு ஐம்பத்தைந்து. கிளார்க் தனசேகர் பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். சொரிமுத்து கடிதத்தை நீட்டினான்.

கிளார்க் வாசித்தார். கண்ணாடியை இறக்கி மறுபடி வாசித்தார்.

"ஓனர் கையெழுத்து எங்கப்பா?"

"கீழ இருக்கு சார். நாந்தாம் போட்டேன்."

"அப்ப பக்தவத்சலம்கிறது?"

"வாடகைக்கு இருக்கிறவரு சார். நல்ல மனுஷன். கொஞ்சம் கோவம் வரும்."

தனசேகர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார். பதினேழு வயதில், சிந்தாதிரிப்பேட்டையில், சொந்த வீடு! அதிலும் வாடகைக்கு ஆள் வைத்து! சென்னையில் சொந்த வீடு உள்ளவனிடம் விலாசத்துக்குச் சான்று கேட்பது மரியாதையா என்ன? முத்திரையை எடுத்து மூன்று விண்ணப்பத்திலும் ஓங்கிக் குத்தினார்.

அந்தச் சத்தம் சொரிமுத்துவின் காதில் தேனாக விழுந்தது. இனி உப்பளம் இல்லை. மூன்று வருஷம் செடி கொடிகளோடு இருக்கலாம். அவன் அழுதான், இந்தத் தடவை யாரையும் கேட்காமலே அழுதான்.

தனசேகர் நாற்காலியை இழுத்துப் போட்டு அவனை உட்கார வைத்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தப்பா நினைக்காதீங்க சார். நானும் நாலு மாசமா வீடு தேடி அலையறேன். என் சம்சாரம் தவில் கத்துக்கறா. இப்ப இருக்கிற வீட்டுல மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாங்க. உங்க வீட்டுல இன்னொரு போர்ஷன் ஏதாவது..."

சொரிமுத்து அலுவலகத்தின் நடுவில் துண்டை விரித்தான். மூவரும் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், வெகுநேரம் யோசித்தார்கள். பிறகு சொரிமுத்து எழுந்து வந்தான்.

"மன்னிக்கணும் சார். முழு வீட்டையும் அவருக்கே விட்டுட்டோம். எங்களுக்கே தங்க எடமில்ல."

"அப்ப நீங்க எங்கதான் தங்குவீங்க?"

"அதத்தான் சார் இப்பப் பேசி முடிவெடுத்தோம்" என்றான் சொரிமுத்து. "நீங்க எப்படியும் உங்க வீட்டக் காலி பண்ணுதீங்கல்லா? அத எங்களுக்கு முடிச்சுக் குடுத்திருங்க. ஓனர் கையெழுத்துக்கு மட்டும் நீங்க அலைய வேண்டாம் சார், அத நாங்களே போட்டுக்கிடுதோம்."